கர்க்காடியில் கண்ட தரைக் கித்தான்

எடின்பரோ நகரத்து வேவர்லி ஸ்டேஷனில் ரயிலேறி வடக்கே போனால், அரை மணிக்குள் வண்டி ஒரு பிரம்மாண்டமான எஃகுப் பாலத்தின் மேல் ஏறிவிடும். 1890-ல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலம் அது. ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் நீளம். செங்காவி நிறத்தில் மூன்று பெரிய ராட்சதர்கள் கடலுக்குள் கால் ஊன்றி நின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் கை நீட்டுவது போல இருக்கும். கீழே எட்டிப் பார்த்தால் படகுகள் எல்லாம் குழந்தைகள் விட்ட காகிதக் கப்பல்களாகத் தெரியும்.

பாலத்தைத் தாண்டியதும் ரயில் கடலை விட்டுப் பிரிய மனமில்லாதது போலக் கரையை ஒட்டியே போகிறது. அபர்டூர், பர்ன்ட் ஐலண்ட், கிங்ஹார்ன் என்று சின்னச் சின்ன ஊர்கள் வருகின்றன. அதற்கு அடுத்தது கர்க்காடி. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தப் பெயரின் நடுவே ஒரு 'ல்' இருக்கிறது. சொல்லும்போது அது எங்கேயோ காணாமல் போய்விடுகிறது. அந்த 'ல்'லையும் சேர்த்து உச்சரித்தால், 'இவர் வெளியூர்' என்று எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு புன்னகை அரும்பும்.

ஒரு காலத்தில் இந்த ஊருக்குப் பெயர்ப் பலகையே வேண்டியிருக்கவில்லையாம். மூக்கு ஒன்றே போதுமாம்! ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சும் நெடி ரயில் பெட்டிக்குள்ளேயே வந்து, "கர்க்காடி வந்துவிட்டது, மூட்டையை எடு" என்று சொல்லிவிடுமாம். மேரி காம்பெல் ஸ்மித் என்ற அம்மையார், ரயிலில் போகும் ஒரு சிறுவன் இந்த மணத்தைக் கொண்டே ஊரைத் தெரிந்துகொள்வதாக 1913-ல் ஒரு பாட்டு எழுதிவிட்டார். ஸ்காட்லாந்தில் அந்தப் பாட்டு மிகவும் பிரசித்தம். ஊரின் மணம் பாட்டில் ஏறிவிட்ட பிறகு யார் அதை மறைக்க முடியும்?

அந்த நெடிக்குக் காரணம், வீட்டுத் தரையில் விரிக்கும் கித்தானும் அதற்குப் பின்னால் வந்த லினோலியமும்தான்.

என் பெண் எடின்பரோவில் வேலை பார்க்கிறாள். அந்த நகரத்து வாடகைக்குப் பயந்து, கர்க்காடியில் ஒரு பழைய கல் வீட்டின் மாடி அறையில் குடியிருக்கிறாள். அவளோடு ஒரு மாதம் தங்கப் போனேன். அங்கேதான் தரைக் கித்தானுக்கும் எனக்கும் அறிமுகம் ஏற்பட்டது.

பாய்மரத்திலிருந்து தரைக்கு

தரைக் கித்தான் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்குப் பாய் தைக்கிறார்களே, அந்தக் கெட்டிக் கித்தான் துணிதான். அதை இழுத்துக் கட்டி, வஜ்ஜிரம் பூசி, நுரைக்கல்லால் தேய்த்து, எண்ணெய் வர்ணத்தைப் பல தடவை பூசி உலர்த்தி, அதன் மேல் சித்திரம் எழுதினால் தரைக் கித்தான். ஜமக்காளம் போல மெத்தென்று இருக்காது. பலகை போல வழவழப்பாக இருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும். குளிரும் ஈரமும் சேறும் நிறைந்த நாடுகளில் இதைவிட வேறு என்ன வேண்டும்?

இங்கிலாந்திலும், கடலைத் தாண்டி அமெரிக்காவிலும், பதினெட்டாம் நூற்றாண்டில் இது பெரிய மனிதர்கள் வீட்டுச் சமாசாரமாக இருந்தது. மாசாசூசெட்ஸ் மாகாணத்துக் கவர்னராக இருந்த வில்லியம் பர்னெட் 1729-ல் காலமானார். அவர் விட்டுச் சென்ற சாமான்களின் ஜாபிதாவில், மேஜைக்கடியில் விரிக்கும் பழைய கட்டம் போட்ட கித்தான்கள் இரண்டும், அறையளவுக்கு ஒரு பெரிய வர்ணக் கித்தானும் இருக்கின்றன. 1801 முதல் 1809 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன், சாப்பாட்டு அறையின் அழகான தரையில் நெய்க்கறை படியாமல் இருக்கப் பச்சை வர்ணம் பூசிய கித்தான் விரித்திருந்தார். ஜனாதிபதியானால் என்ன? விருந்தாளி சிந்தினால் தரை கெடத்தானே செய்யும்!

பளிங்குக் கல் வாங்க வசதி இல்லாதவர்கள் கித்தானிலேயே பளிங்கு எழுதிக்கொண்டார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், சாய்சதுரங்கள், நட்சத்திரங்கள். 1739-ல் லண்டனில் ஜான் கார்விதம் என்பவர் இதற்கென்றே ஒரு மாதிரிப் புத்தகம் போட்டார். அதிலே ஒரு விசேஷம். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு விதமாக வரைந்திருந்தார். மேலிருந்து நேராகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒன்று. அறை வாசலில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்று இன்னொன்று. தரை என்பது சுவரில் மாட்டும் படமல்ல. நடந்து வருகிறவன் கண்ணுக்கு அது வேறு விதமாகத் தோன்றும் என்பதை அந்த மனிதர் அன்றைக்கே உணர்ந்திருந்தார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நெயர்னின் பைத்தியக்காரத்தனம்

கர்க்காடியில் மைக்கேல் நெயர்ன் என்று ஒருவர் 1828-ல் சிறிய தறிக்கூடம் வைத்துக் கித்தான் நெய்ய ஆரம்பித்தார். அவரிடம் கித்தான் வாங்கியவர்களில், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துத் தரைக் கித்தான் வியாபாரிகளும் உண்டு. 'நம்மிடம் துணியை வாங்கி, வர்ணம் பூசி, இவ்வளவு லாபத்துக்கு விற்கிறார்களே! நாமே பூசினால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. நியாயமான யோசனைதான். 1847-ல் பாத்ஹெட் என்ற மேட்டில், கடலைப் பார்த்தாற்போலப் பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார்.

ஊரார் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். 'நெயர்னின் பைத்தியக்காரத்தனம்' என்று அந்தக் கட்டடத்துக்குப் பெயரும் வைத்தார்கள். அவர்கள் சிரித்ததில் அதிசயமில்லை. இந்தத் தொழிலில் போட்ட பணம் லேசில் திரும்பாது. பல கஜ அகலமுள்ள கித்தானை நெட்டுக்குத்தாகச் சட்டத்தில் கட்ட வேண்டும். ஆட்கள் சாரத்தில் ஏறி நின்று கரணையால் வர்ணத்தை அப்ப வேண்டும். ஒரு பூச்சு உலர்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. எல்லாம் முடிந்து, மரக் கட்டைகளில் வர்ணம் தொட்டு ஒவ்வொரு நிறமாக அச்சுப் பதித்து, மறுபடியும் மாதக் கணக்கில் உலரவிட வேண்டும். அவசரப்பட்டு விற்றால் வாங்கியவர் செருப்பில் வர்ணம் ஒட்டிக்கொண்டு வரும்!

மைக்கேல் நெயர்ன் 1858-ல் இறந்துபோனார். 'பைத்தியக்காரத்தனம்' அத்துடன் முடிந்துவிடவில்லை. அவருடைய மனைவி காதரினும் பிள்ளைகளும் தொழிலைத் தொடர்ந்து நடத்தினார்கள். சிரித்த ஊர், பிறகு அந்தத் தொழிற்சாலையின் சங்கு ஒலித்தால்தான் கண் விழித்தது.

ஆளிவிதை செய்த மாயம்

இதற்கிடையில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்டன் என்பவர் ஒரு வேடிக்கையைக் கண்டார். திறந்து வைத்த வர்ண டப்பாவின் மேலே, பால் மேல் ஆடை படிவது போல, ஆளிவிதை எண்ணெய் ரப்பர் மாதிரித் தடித்துக் கிடந்தது. நம்மில் யாராக இருந்தாலும் குச்சியால் எடுத்து எறிந்திருப்போம். அவர் எறியவில்லை. அந்த ஆடையோடு பிசினையும் தக்கைத் தூளையும் கலந்து துணி மேல் அழுத்தினார். லினோலியம் பிறந்தது! 1863-ல் அதற்கு உரிமை வாங்கினார். லத்தீன் பாஷையில் 'லினும்' என்றால் ஆளி. 'ஓலியம்' என்றால் எண்ணெய்.

வால்டனின் உரிமைக் காலம் தீர்ந்ததும், 1877-ல், கர்க்காடியில் நெயர்ன் கம்பெனியாரும் லினோலியம் செய்யத் தொடங்கினார்கள். 'அந்தப் பெயர் எங்களுடையது' என்று வால்டன் தரப்பில் கோர்ட்டுக்குப் போனார்கள். 'அது பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. யாரும் சொல்லலாம்' என்று தீர்ப்பாகிவிட்டது. கர்க்காடி லினோலியத்தின் தலைநகரமாயிற்று. அடியில் வைக்கும் முரட்டுத் துணிக்குச் சணல் வேண்டும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? வங்காளத்து வயல்களிலிருந்து கப்பலேறி, பக்கத்து டண்டீ நகரத்து ஆலைகளுக்கு வந்தது. வங்காளத்துக் குடியானவன் முழங்கால் தண்ணீரில் நின்று அலசிய சணல், ஸ்காட்லாந்துச் சமையலறையில் மிதிபட்டது.

லினோலியம் வந்ததும் கையால் எழுதிய கித்தான் மெல்ல மெல்ல மறைந்தது. 1960-களில் வினைல் விரிப்பும் மலிவான கம்பளமும் வந்து லினோலியத்தையும் ஓரம் கட்டின. ஆலைகள் பல மூடின. ஆனால் ஒன்று முழுக்க மறையவில்லை. கர்க்காடியில் இன்றும் லினோலியம் தயாராகிறது. காற்று வாகாக அடித்தால் அந்தப் பழைய மணம் லேசாக வரும். ஊரின் சித்திரசாலைக்கும் பொருட்காட்சி சாலைக்கும் போனேன். யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்த ஜான் நெயர்ன் என்ற ஆலை முதலாளி, மாண்ட வீரர்களின் ஞாபகார்த்தமாக ஊருக்குக் கொடுத்த கட்டடம் அது, 1925-ல் திறக்கப்பட்டது. கித்தானில் வந்த பணம், கண்ணீரில் நனைந்து, ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது.

பதினோரு அடி நடைவழி

என் பெண் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாளுக்கு எண்பத்து நாலு வயது. தாத்தா கித்தானில் அச்சுக் கட்டை பிடித்தவர். அப்பா லினோலியம் உலர்த்தும் கொட்டடியில் வேலை செய்தவர். "அப்பா வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றிக் கொல்லைக் கதவில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த வாசனை என் அம்மாவுக்குப் பிடிக்காது. அவர் போன பிறகு அதே கோட்டைத்தான் அம்மா தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்" என்றார் ஒருநாள், தேநீர்க் கோப்பையைத் தடவிப் பார்த்தபடி.

தடவிப் பார்த்தபடி என்றேன். காரணம் உண்டு. அந்த அம்மாளுக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்கிவிட்டது. எதிரே இருப்பவர் முகம் தெரியாது. ஓரத்தில் இருப்பது மட்டும் நிழல் போலத் தெரியும். வீட்டு வாசலிலிருந்து சமையலறை வரை ஒரு குறுகிய நடைவழி. பதினோரு அடி நீளம், மூன்றரை அடி அகலம். அதில் கிடந்த பழைய லினோலியம் கிழிந்து எழும்பி, இரண்டு தடவை காலைத் தடுக்கிவிட்டது. இரண்டாவது தடவை விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

கிளாஸ்கோவில் இருக்கும் அவருடைய மகள் ஓடி வந்தாள். "அம்மா, இனிமேல் நீ தனியாக இருக்க வேண்டாம். நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்திருக்கிறேன்" என்றாள். அம்மாள் பதில் பேசவில்லை. வெகு நேரம் கழித்து, "இந்த வீட்டில் எனக்குக் கண்ணே வேண்டாம். வேறு எங்கே போனாலும் நான் குருடிதான்" என்றார். மாடிப்படியில் நின்றிருந்த எனக்குத் தொண்டையை அடைத்தது.

கடைசியில் சமாதானம் ஒன்று ஏற்பட்டது. கிழிந்த லினோலியத்தை எடுத்துவிட்டு நடைவழியைச் சரி செய்வது. குளிர்காலம் முடியும் வரை பார்ப்பது. அதற்குள் இன்னொரு தடவை விழுந்தால் மறுபேச்சில்லாமல் கிளம்புவது. மகள் கம்பளம் போடலாம் என்றாள். "எனக்கு என் தாத்தா போட்ட மாதிரி வர்ணக் கித்தான்தான் வேண்டும்" என்றார் தாயார். இப்போது இந்தக் கலையை மறுபடியும் கையில் எடுத்திருக்கும் சிலர் அங்கே உண்டு. வீட்டுக்கு வந்து அளவெடுத்து, அந்த வீட்டுக்கென்றே எழுதித் தருகிறார்கள். அப்படி ஒரு பெண்மணியை வரவழைத்தார்கள்.

கட்டமா, கரையா?

ஓவியப் பெண்மணி வந்ததும் வர்ணப் புத்தகத்தை விரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. முதலில் கதவுகளைத் திறந்து திறந்து மூடினாள். கதவின் அடி விளிம்புக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அட்டையை நுழைத்துப் பார்த்தாள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து எந்த வேளையில் வருகிறது என்று கேட்டாள். பிறகு அந்த அம்மாளை வாசலிலிருந்து சமையலறை வரை நாலைந்து தடவை நடக்கச் சொல்லி, தான் ஒரு மூலையில் உட்கார்ந்து அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாதிரி வேண்டும்?" என்று பிறகுதான் கேட்டாள்.

"கறுப்பு வெள்ளைச் சாய்சதுரம். பெரிய மாளிகைகளில் இருக்குமே, அந்த மாதிரி. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆசை" என்றார் அம்மாள்.

மறுநாள் அந்தப் பெண்மணி கறுப்பும் வெள்ளையுமான காகிதத் துண்டுகளை நடைவழியில் பரப்பி ஒட்டினாள். "இப்போது நடந்து வாருங்கள்" என்றாள். அம்மாள் இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் கால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. கை சுவரைத் தேடியது.

"என்ன?"

"இங்கே பள்ளமாக இருக்கிறதே!"

பள்ளம் ஒன்றுமில்லை, கறுப்புக் கட்டம்தான். மங்கிய கண்ணுக்கு வெள்ளைக்கு நடுவே கறுப்பு என்றால் குழி மாதிரி. கோடு என்றால் படிக்கட்டு மாதிரி. அந்தப் பெண்மணி ஒன்றும் பேசாமல் காகிதங்களை எல்லாம் எடுத்துவிட்டாள். அம்மாள் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். எண்பது வருஷத்து ஆசை ஒரு நிமிஷத்தில் சுருட்டி வைக்கப்பட்டுவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

சற்று நேரம் கழித்து அவர் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு மரக் கட்டையைக் கொண்டு வந்தார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. அதில் எட்டு இதழ்ப் பூ ஒன்று செதுக்கியிருந்தது. தாத்தா உபயோகித்த அச்சாம். "இதையாவது எங்கேயாவது வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

அந்தப் பூவை வைத்துத்தான் புதிய திட்டம் உருவாயிற்று. நடுவில் உமி நிறத்தில் ஒரே சீரான பாதை. இரண்டு பக்கமும் நாலு விரற்கடை அகலத்துக்குக் கருநீலக் கரை. அம்மாளுக்கு ஓரப் பார்வை இருக்கிறதல்லவா? இருபுறமும் கரை தெரிந்தால் நடுவில் தானாக நடக்கலாம். நம் புடவைக்குக் கரை எல்லை காட்டுவது போல. பூ மூன்றே இடத்தில்: வாசற் கதவருகே ஒன்று, மாடிப்படி அடியில் ஒன்று, சமையலறை வாயிலில் ஒன்று. தரையின் நிறத்துக்குப் பக்கத்து நிறமான இளஞ்செம்மையில் அதை எழுதினால் குழி போலப் பயமுறுத்தாது. "இன்னொரு சங்கதி. பளபளவென்று வார்னிஷ் வேண்டாம். வாசற் கண்ணாடியிலிருந்து வெயில் விழுந்தால் தரையில் தண்ணீர் கொட்டிக் கிடப்பது போல இருக்கும், மங்கல் வார்னிஷ் போடுகிறேன்" என்றாள் ஓவியப் பெண்மணி.

கார்விதமின் புத்தகம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வாசலில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தரை எப்படித் தெரியும் என்று அவர் வரைந்து காட்டினார். இவள் ஒரு படி மேலே போய், இன்னார் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தாள்.

கித்தான் தயாரான விதம்

பழைய நாளில் ஈயம் கலந்த எண்ணெய் வர்ணம் பூசினார்கள்; அது பூசுகிறவர் உடம்புக்கு ஆகாது. இப்போது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் வந்துவிட்டதால் அந்தப் பயமில்லை. வேலை நடந்த கொட்டகைக்கு நானும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

கெட்டியான பருத்திக் கித்தானை, வேண்டிய அளவைவிடச் சுற்றிலும் மூன்று விரற்கடை கூடுதலாக வெட்டிக்கொண்டாள். முன்னும் பின்னும் அடிப்பூச்சு கொடுத்தாள். துணி சுருங்குவதெல்லாம் இந்தக் கட்டத்திலேயே சுருங்கிவிடும். ஆகையால் கடைசி அளவை இதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். பிறகு ஓரங்களைப் பின்பக்கமாக மடித்து, மூலைகளைக் கோணலாக வெட்டித் தடிப்பில்லாமல் ஒட்டினாள். தையல் கூடாது, தையல் புடைத்தால் காலைத் தடுக்கும். நிலத்து வர்ணம் இரண்டு பூச்சு. நூல் பிடித்துக் கரை குறித்து, ஒட்டுக் காகிதம் பதித்துக் கருநீலம். காகித விளிம்பில் முதலில் நிலத்து வர்ணத்தையே லேசாகத் தடவிவிட்டு அதன் மேல் நீலத்தைப் பூசினாள். அப்படிச் செய்தால் நீலம் உள்ளே கசியாமல் கத்தியால் வெட்டியது போலக் கோடு நிற்கிறது. நல்ல யுக்தி!

பூவைப் பதிக்கும் நாளன்று அந்த அம்மாளையே அழைத்திருந்தாள். கட்டையில் வர்ணம் தடவி அவர் கையில் கொடுத்து, இடத்தைத் தொட்டுக் காட்டினாள். முறிந்து கூடிய மணிக்கட்டு நடுங்கியது. இரண்டு கைகளாலும் அழுத்தினார். ஒரு பூவில் ஓர் இதழ் சரியாகப் பதியவில்லை. "திருத்தட்டுமா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம், தாத்தாவுக்கும் அப்படித்தான் பதியும். மேஸ்திரியிடம் திட்டு வாங்குவார்" என்று சொல்லிச் சிரித்தார்.

அதன் மேல் நாலு பூச்சு மங்கல் வார்னிஷ். ஸ்காட்லாந்து மழையில் எதுவும் அவசரமாக உலர்வதில்லை. பத்து நாள் சும்மா கிடக்கவிட்டுப் பிறகு, வர்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டிக் கொண்டு வந்தார்கள். அடியில் வழுக்காத மெல்லிய ரப்பர் விரிப்பு. ஓரங்களுக்கு இருபுறமும் ஒட்டும் நாடா. தரையோடு தரையாகப் படிந்துகொண்டது. கட்டை விரலால் தேடினால்கூட விளிம்பு தட்டுப்படவில்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் அந்த நடையைக் கவனித்தேன். முதல் நாள் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். மூன்றாம் நாள் ஒரு கை கீழே வந்துவிட்டது. தபால்காரர் மணியடித்த ஒருநாள், இரண்டு கையிலும் ஒன்றும் பிடிக்காமல், கரைகளுக்கு நடுவே நேராக நடந்து போய்க் கதவைத் திறந்தார். மகள் அன்று வந்திருந்தாள். சமையலறை வாயிலில் நின்று பார்த்தவள், உள்ளே திரும்பி அடுப்பில் எதையோ கிளற ஆரம்பித்தாள். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

குளிர்காலம் கழிந்தது. அம்மாள் இன்னும் அந்த வீட்டிலேயே இருப்பதாக என் பெண் எழுதுகிறாள். என்றைக்கும் இப்படியே இருப்பார் என்று யார் சொல்ல முடியும்? ஒரு வருஷமானால் ஒரு வருஷம். சொந்தக் கதவைத் தானே திறக்கும் ஒரு வருஷம் அற்பமானதா?

நேயர்களுக்கு நாலு வார்த்தை

இந்தக் கித்தானை நம் ஊரிலும் செய்து பார்க்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். கித்தானும் வர்ணமும் வார்னிஷும் நமக்குக் கிடைக்காதவை அல்ல. சில ஜாக்கிரதைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நீர் ஊறும் தரையில் விரிக்காதீர்கள். அடியில் பூஞ்சை பிடிக்கும். தரை கழுவினால் கித்தானை எடுத்துவிட்டு, தரை நன்றாக உலர்ந்த பிறகே போடுங்கள். மெத்தென்ற ஜமக்காளத்தின் மேல் போட்டால் வர்ணம் வெடிக்கும். ஒருபோதும் மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் விரிசல் நிற்கும். வர்ணம் வெளியே இருக்கும்படி சுருட்டித்தான் வைக்க வேண்டும். கனமான நாற்காலி, மேஜைக் கால்களுக்கடியில் துணி வையுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும். சோடாவும் முரட்டு பிரஷும் வேண்டாம். வருஷங்கள் போய் வார்னிஷ் தேய்ந்தால் இன்னொரு பூச்சு கொடுத்தால் புதிதாகிவிடும்.

மாதிரி எது என்பதைக் கடைசியில் தீர்மானியுங்கள். முதலில் அந்த இடத்தில் யார் நடக்கிறார்கள், எந்த வேளையில் நடக்கிறார்கள், கையில் எதை எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் காகிதத்தை விரித்து அவர்களை ஒரு தடவை நடக்கச் சொல்லுங்கள். தவழும் குழந்தை இருந்தால், அதற்குப் பூ வேண்டுமா மீன் வேண்டுமா என்று அதையே கேட்டுவிடலாம். பதில் நிச்சயம் கிடைக்கும். எதன் மேல் போய் உட்காருகிறதோ அதுதான் பதில்!